காலியிடம் வேறு, பூஜ்யம் வேறு

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அந்த மழைப் பலகையைப் பத்தி எல்லாருக்கும் புரியுற மாதிரி கொஞ்ச நேரம் பேசுங்க அண்ணாச்சி" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு பைத்தான் என்ற நிரல் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். மூன்றாம் தெருவில் இருக்கும் கல்லூரித் தம்பியும் நானும் சேர்ந்து எழுதியதுதான் இந்தப் பலகை. இங்கிலீஷில் டேஷ்போர்டு என்பார்கள். காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் பெட்ரோல், வேகம், சூடு எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறதே, அதே பெயர், அதே வேலை.

இது எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 நம் யாருக்கும் மறக்காது. 18-ம் தேதி காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை. 95 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு? ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 95 சென்டிமீட்டர் பெய்தால் சுமார் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு லாரிக்கும் மேல், ஒரே ஒரு வீட்டு மாடியில், ஒரே நாளில். செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டதை நாடே பார்த்தது.

நம் ஊருக்கு வந்த தண்ணீர் நம் தலைமேல் பெய்தது மட்டும் இல்லை. மேற்கே கயத்தாறு, மணியாச்சிப் பக்கத்துக் காட்டு வெள்ளம் கோரம்பள்ளம் குளத்துக்கு வருகிறது. அந்தக் குளம் உடைந்துதான் நகருக்குள் தண்ணீர் புகுந்தது. தெற்கே தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, நெல்லையைத் தாண்டி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வழியாகப் புன்னக்காயலில் கடலில் சேர்கிற ஆறு. அங்கே மேலே பெய்வது இங்கே கீழே வரச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

அன்று ராத்திரி அந்த அவகாசத்தை நாம் எப்படிச் செலவு செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் எண்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருவர் 35 என்று அனுப்பினார். 35 மில்லிமீட்டரா, சென்டிமீட்டரா? எத்தனை மணி வரை? எந்த ஊரில்? இன்னொருவர் அணையில் இவ்வளவு கன அடி திறந்தாச்சு என்றார். அது இன்றைய செய்தியா, நேற்றையதா? எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. எந்த எண்ணை நம்பி வண்டியை எடுத்து மேட்டில் விடுவது என்றுதான் தெரியவில்லை. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு மாடியேறியது உங்களுக்கு நினைவிருக்கும். ஆறு மணி நேரம் முன்னால் முடிவு எடுத்திருந்தால் அவர்கள் தாங்களே நடந்து ஏறியிருப்பார்கள்.

அதனால் பலகையை ஆரம்பிக்கும்போது நாங்கள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதினோம். வண்டிகளை எப்போது மேட்டுக்குக் கொண்டுபோவது? தரைத்தளத்து முதியவர்களை எப்போது மாடிக்கு அழைப்பது? பம்புக்கு டீசல் வாங்கி வைப்பது எப்போது? ஓர் எண் மாறினால் நாம் செய்கிற காரியம் மாறுமா? மாறாது என்றால் அந்த எண் பலகையில் வேண்டாம். தம்பி ஆசையாகக் காற்றின் திசை, ஈரப்பதம், வெயில் அளவு எல்லாவற்றுக்கும் வட்ட வட்டமாக மீட்டர் வரைந்திருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை என்பதால் எடுத்துவிட்டோம். இப்போது பலகையில் இருப்பவை நான்கே: மேற்கிலும் தெற்கிலும் இருக்கும் சில ஊர்களின் மழை அளவு, அவற்றின் மூன்று நாள் மொத்தம், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டமும் திறப்பும், நம் மொட்டைமாடி மழைமானியின் அளவு.

அணை பற்றி ஒரு சின்ன விளக்கம். பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. நீர்மட்டம் 130 அடி என்றதும் நூற்றுக்குத் தொண்ணூறு நிறைந்துவிட்டது என்று கணக்குப் போடக் கூடாது. அணை மேலே போகப் போக அகலம் கூடும். கடைசிப் பத்து அடியில் பிடிக்கும் தண்ணீர், அடியில் இருக்கும் பத்து அடியைப்போலப் பல மடங்கு. அதேபோல், விநாடிக்கு ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். பத்தாயிரம் கன அடி திறந்தார்கள் என்றால் விநாடிக்கு 2,80,000 லிட்டர். நமக்கு உதவுவது இன்னும் எத்தனை அடி பாக்கி, எவ்வளவு வெளியேறுகிறது என்ற இரண்டும்தான்.

அடுத்து, இந்த எண்கள் எங்கே உட்காருகின்றன? வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். முதலில் டே புக், பிறகு லெட்ஜர், கடைசியில்தான் பேலன்ஸ் ஷீட். பலகை என்பது பேலன்ஸ் ஷீட் மாதிரி. அதை யாரும் நேரடியாகக் கையால் எழுதக் கூடாது. நம் டே புக் ஒரு சாதாரண அட்டவணை. அதில் ஆறு பத்திகள்: தேதி, நேரம், இடம், அளவு, எங்கிருந்து கிடைத்தது, யார் பதிந்தது. கடைசி இரண்டும் இல்லாத பதிவு, வவுச்சர் இல்லாத பற்று மாதிரி. நிரல் அதை ஏற்காது.

பைத்தான் செய்யும் வேலை நான்கு படி. அட்டவணையைப் படிக்கும். சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும். கூட்டும். திரையில் காட்டும். படிப்பதற்கும் கூட்டுவதற்கும் பாண்டாஸ் என்ற துணைத்தொகுப்பு, காட்டுவதற்கு ஸ்ட்ரீம்லிட். இரண்டும் இலவசம், பைத்தானும் இலவசம். மொத்த நிரலும் இருநூறு வரிக்குள் அடங்கிவிட்டது. "இதை எக்செல்லிலேயே பண்ணலாமே" என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒருவர் மட்டும், ஒரு தடவை மட்டும் பார்ப்பதற்கு எக்செல் போதும். தினமும், பல பேர் கை மாறி, அதிலும் பதற்றமான நேரத்தில் செய்யும்போது, ஒரு கட்டத்தில் இருக்கிற சூத்திரத்தை யாராவது தெரியாமல் அழித்துவிட்டால் கண்ணுக்குப் படாது. நிரலில் ஒவ்வொரு படியும் வரிசையாக எழுதி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்துத் தணிக்கை செய்யலாம். நாளைக்கு நான் இல்லையென்றாலும் இன்னொருவர் தொடரலாம்.

சோதிக்கும் படியில்தான் பாதி வேலை. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, தேதி. நாம் 03/12 என்று எழுதினால் டிசம்பர் 3. பாண்டாஸ், நாம் எதுவும் சொல்லாவிட்டால், அதை அமெரிக்க வழக்கப்படி மார்ச் 12 என்று எடுத்துக்கொள்ளும். நாள்தான் முதலில் வரும் என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு, அலகு. செய்தியில் சென்டிமீட்டர், அரசு அட்டவணையில் மில்லிமீட்டர். நம் பலகையில் மில்லிமீட்டர் மட்டும்தான்.

மூன்று, 8.30. வானிலைத் துறையின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 18-ம் தேதிக்கு எதிரே இருக்கும் மழையில் பெரும்பகுதி 17-ம் தேதி பகலிலும் ராத்திரியிலும் பெய்தது. வங்கியில் வேல்யூ டேட் வேறு, பதிவுத் தேதி வேறு என்போமே, அதே சங்கதி.

இந்த மூன்றும் எளிது. ஒரு தடவை நிரலில் எழுதிவிட்டால் முடிந்தது. நான் இன்று உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது நான்காவது ஒன்றை.

ஓர் ஊரில் ஒரு நாள் மழை அளவு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. திங்கள் 40 மில்லிமீட்டர், செவ்வாய் காலி, புதன் 30. பாண்டாஸிடம் கூட்டச் சொன்னால் 70 என்று சொல்லும். காலியை மெல்லத் தாண்டிப் போய்விடும். மூன்று நாளும் காலி என்றால் கூட்டுத்தொகை 0 என்று காட்டும். அதன் குற்றம் இல்லை, அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். பல வேலைக்கு அது வசதியும்கூட. ஆனால் திரையைப் பார்க்கிற நமக்கு, பச்சை நிறத்தில் "ஸ்ரீவைகுண்டம் 0" என்று தெரியும். மழையே இல்லை என்று நினைத்துப் படுத்துவிடுவோம்.

"ஏதோ ஒரு நாள் விட்டுப்போனால் என்ன அண்ணாச்சி" என்று நீங்கள் கேட்கலாம். எந்த நாளில் விட்டுப்போகும் என்று யோசியுங்கள். சாதாரண நாளில் அளப்பவர் வருவார், எழுதுவார், அனுப்புவார். எந்த நாளில் அவரால் வர முடியாது? ரோடு முங்கிய நாளில். எந்த நாளில் தானியங்கிக் கருவி நின்றுபோகும்? கரண்ட் போன நாளில். எந்த நாளில் செய்தி வராது? செல்போன் கோபுரம் செத்த நாளில். மழைமானிக்குள்ளேயே தண்ணீர் வழிந்துபோவதும் பேய்மழை நாளில்தான். ஆக, காலியிடம் எல்லா நாளிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மோசமான நாளைத் தேடிப்பிடித்து விழுகிறது. காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் பலகை, மிக மோசமான நாளில்தான் மிகவும் நிம்மதியான எண்ணைக் காட்டும்.

வங்கியில் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத்தை ஒன்றுமில்லை என்று விட்டுவிட மாட்டோம். சஸ்பென்ஸ் கணக்கில் எழுதி வைப்போம். "இதற்கு விடை தெரியவில்லை, தெரியும்வரை இது இங்கே நிற்கும்" என்று அதற்கு அர்த்தம். காலியிடமும் அப்படித்தான் நிற்க வேண்டும்.

நம் துறைமுகத்துக்கு இது எப்போதோ தெரியும். "தூத்துக்குடி துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று சின்ன வயதிலிருந்து ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும். கடலில் இருப்பவன் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்ளலாம். இந்தக் கரையின் முதல் டேஷ்போர்டு என்று நான் அதைத்தான் சொல்வேன். 1-ம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. 3-ம் எண் என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 8, 9, 10 பெரும் அபாயம். அதோடு முடியவில்லை. 11-ம் எண் ஒன்று இருக்கிறது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று இங்குள்ள அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். "எங்களுக்குத் தகவல் இல்லை" என்பதற்கே ஒரு கூண்டு. அதை 1-க்குக் கீழே வைக்கவில்லை, 10-க்கு மேலே வைத்தார்கள். யோசித்தவர்கள் கடலை அறிந்தவர்கள்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் இதே ஒழுங்குதான். பார்களில் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, அதில் கிடைத்த முத்தை மதிப்பிட்டு, அதன்பிறகுதான் அந்த வருடம் குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்தார்கள். நம் கரையில் கடைசியாகக் குளிப்பு நடந்தது 1961-ல். ஒரு பாரைப் பார்க்கவில்லை என்பதும், பார்த்தோம், சிப்பி இல்லை என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள் என்பது முங்கி எழுந்தவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே நம் பலகையில் இப்படி வைத்திருக்கிறோம். குறைந்தது மூன்று நாளும் அளவு இருந்தால்தான் மூன்று நாள் மொத்தம் வரும். ஒன்று குறைந்தாலும் எண் வராது, சாம்பல் நிறக் கட்டமும் "தகவல் இல்லை" என்ற எழுத்தும்தான் வரும். ஒவ்வோர் எண்ணுக்குக் கீழும் அது எந்த நாள், எந்த மணிக்கு வந்தது என்று இருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பழைய அணைத் தகவல் தானாகவே சாம்பலாகிவிடும். பொய்யாகப் பச்சை காட்டுவதைவிடச் சாம்பல் மேல்.

நிறங்களுக்கு வானிலைத் துறையின் அளவுகளையே எடுத்துக்கொண்டோம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, அது மஞ்சள். 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, அது ஆரஞ்சு. 204.5 என்றால் அதிகனமழை, சிவப்பு. மஞ்சளில் பம்புக்கு டீசல், எல்லா வீட்டிலும் போன் சார்ஜ், குடிதண்ணீர் பிடித்து வைத்தல். ஆரஞ்சில் வண்டிகள் மேட்டுக்கு, தரைத்தளப் பெரியவர்கள் மாடிக்கு. சிவப்பில் யாரும் வெளியே இறங்கக் கூடாது, மின் இணைப்பைத் தரைத்தளத்தில் துண்டித்துவிட வேண்டும். அடைமழைக் காலத்தில் மேற்கு, தெற்கு ஊர்களில் இரண்டு சாம்பலாகிவிட்டால், அப்போது இருக்கும் நிறத்துக்கு ஒரு படி மேலே போனதாக எடுத்துக்கொள்வோம். இதுதான் நம்முடைய 11-ம் எண் கூண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தப் பலகை ஜோசியம் சொல்லாது. பெய்ததைச் சொல்லும், பெய்யப் போவதைச் சொல்லாது. வானிலைத் துறை எச்சரிக்கையும் மாவட்ட ஆட்சியர் அறிவிப்பும் வந்துவிட்டால் அவைதான் மேல். அதை விட்டுவிட்டுப் பலகை பச்சையாக இருக்கிறதே என்று யாரும் வாதாட வரக் கூடாது. இரண்டாவது, 2023-ல் கரண்டும் போனது, நெட்டும் போனது. அப்போது திரையால் பயனில்லை. அதனால் மழைக்காலத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்குப் பலகையின் நிலையை ஒரு தாளில் அச்செடுத்து வாயில் காவலர் அறை அருகே ஒட்டுகிறோம். ஆரஞ்சுக்குப் பிறகு அங்கே இருக்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதப்படும். நெட் இல்லாத நேரத்துக்கு அதுதான் டேஷ்போர்டு.

கடைசியாக, உங்களிடம் ஒரு விண்ணப்பம். கொரோனா காலத்தில் கோவிட்19இந்தியா என்ற தளத்தை நம்மில் பலரும் பார்த்திருப்போம். 2020 மார்ச்சில் தன்னார்வலர்கள் ஆரம்பித்து, 2021 அக்டோபர் 31 வரை நடத்தினார்கள். நாம் பார்த்தது அழகான வரைபடம். அதற்குப் பின்னால் ஒவ்வொரு மாநிலத்தின் தினசரி அறிக்கையையும் உட்கார்ந்து படித்துப் பதிந்த ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் வரைபடம் இல்லை. நிரல் எழுத இரண்டு பேர் போதும். தகவல் பதியத்தான் ஆள் வேண்டும்.

நம் மொட்டைமாடி மழைமானி 150 மில்லிமீட்டர் வரைதான் பிடிக்கும். அதற்கு மேல் வழிந்துவிடும். ஆகவே மழை வலுத்தால் மூன்று மணிக்கு ஒரு தடவை பார்த்து, எழுதி, கொட்டிவிட்டு வைக்க வேண்டும், ராத்திரியிலும். இப்போது இந்த வேலையை மூன்று பேர் பார்க்கிறோம். மூவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஈரமான மாடிப்படியில் ராத்திரி இரண்டு மணிக்கு எங்களால் எத்தனை வருடம் ஏற முடியும்? தெருவுக்கு இரண்டு பேர் வீதம் எட்டுப் பேர் வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள். பைத்தான் தெரிய வேண்டாம். ஒரு டார்ச், ஒரு குடை, கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிற பழக்கம், இவ்வளவுதான் தகுதி. பார்க்க முடியாமல் போனால் "பார்க்கவில்லை" என்று எழுதுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். பார்க்காமலே பூஜ்யம் போடாதீர்கள், அது ஒன்றுதான் நான் கேட்பது.

பின்வரிசைத் தம்பிகளே, பெயர் எழுதும் நோட்டு செயலாளர் மேஜையில் இருக்கிறது. டீ குடிக்கப் போகும் வழியில் ஒரு கையெழுத்து. நிரலைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க அறைக்கு வாருங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன், தெரியாததை மூன்றாம் தெருத் தம்பி சொல்லித் தருவான்.